மாடித்தோட்டப் பதிவுகளுக்குத் தலைப்பு எப்படி வைப்பது? கூகுளில் தெரிகிறது, யாரும் திறப்பதில்லை

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். பிளாக்கரில் மாடித்தோட்டம் பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். எல்லாம் வீட்டில் செய்து பார்த்தவை, படங்களும் நானே எடுப்பவை. படிக்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், சந்தேகம் கேட்கிறார்கள், ஆனால் அவர்கள் எல்லாரும் வாட்சப் குழுவில் இணைப்பைப் பார்த்து வருகிற தெரிந்தவர்கள்தான். தேடி வரும் புதியவர்கள் மிகக் குறைவு. கூகுள் தேடலில் நம் பதிவுகள் எப்படித் தெரிகின்றன என்று காட்டும் சர்ச் கன்சோலில் பார்த்தால் சில பதிவுகள் முதல் பக்கத்திலேயே வருகின்றன, இம்ப்ரெஷனும் (தேடல் முடிவில் தெரிந்த தடவைகள்) இருக்கிறது, ஆனால் கிளிக் விழுவதில்லை.

என் தலைப்புகள் இப்படி இருக்கும்:

பச்சைக் கனவுகள் – பகுதி 9
சுருண்டு கிடக்கும் சோகம்
ஆடியில் ஒரு ஆரம்பம்
மண்ணைத் தொட்ட மனசு
செடியும் நானும்

தலைப்புதான் காரணமா, வேறு ஏதாவதா? "இதை மட்டும் செய்யுங்க, காய் கொத்துக்கொத்தா தொங்கும்" என்ற மாதிரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் செய்யாமல் ஆட்களை வரவழைக்க வழி இருக்கிறதா?

கீரைப்பாத்தி:

அக்கா, முதல் பக்கத்தில் இருந்தும் கிளிக் இல்லை என்றால் முதலில் தலைப்பைத்தான் பார்க்க வேண்டும். தேடல் முடிவுகளில் சராசரி இடம் 40, 50 என்று கிடக்கும் பதிவுக்குத் தலைப்பை மட்டும் மாற்றிப் பெரிய பலன் இருக்காது, அவ்வளவு கீழே யாரும் போவதில்லை. ஒன்று செய்யுங்கள். சர்ச் கன்சோலில் செயல்திறன் பகுதிக்குப் போய், "சுருண்டு கிடக்கும் சோகம்" பதிவின் முகவரியை மட்டும் வடிகட்டி, மக்கள் என்ன சொல்லித் தேடியபோது அது தெரிந்தது என்ற பட்டியலைப் பாருங்கள். அதிகபட்சம் 16 மாதத் தரவு கிடைக்கும். மேலே வருகிற நாலைந்தை இங்கே போடுங்கள்.

மொட்டைமாடி:

பார்த்தேன். "மிளகாய் செடி இலை சுருட்டல்", "மிளகாய் இலை சுருண்டு போவது ஏன்", "மிளகாய் இலை சுருட்டு நோய் இயற்கை மருந்து". அப்புறம் இதே கேள்விகள் தங்கிலீஷில்.

கீரைப்பாத்தி:

இதற்கு மேல் நாங்கள் சொல்ல என்ன இருக்கிறது, தேடி வந்தவர்களே தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் காலையில் மாடிக்குப் போகிறார், மிளகாய்ச் செடியில் கொழுந்து இலை எல்லாம் சுருண்டு கிடக்கிறது, போனை எடுத்துத் தேடுகிறார். பத்து முடிவுகள் வருகின்றன. ஒன்பதில் மிளகாய் இருக்கிறது, இலை இருக்கிறது. உங்களுடையதில் மட்டும் சோகம் இருக்கிறது. அது சினிமா விமர்சனமா, கவிதையா, சொந்தக் கதையா என்று அவருக்குத் தெரியாது, கடந்து போய்விடுவார். உங்கள் பதிவு மற்ற ஒன்பதை விட நன்றாக இருக்கலாம், அது திறந்தால்தானே தெரியும்.

சரி, அந்தப் பதிவில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பேன், இலை சிறுத்து மஞ்சளாகிச் செடியே குறுகிப்போனால் வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு, முதல் இரண்டுக்கு என்ன தெளிப்பது, வைரஸ் வந்த செடியை ஏன் பிடுங்கிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

கீரைப்பாத்தி:

அருமையான பதிவு, அதற்குப் போய் இந்தத் தலைப்பா! இப்படி வையுங்கள்:

"மிளகாய் இலை சுருள்கிறதா? மேல்நோக்கியா, கீழ்நோக்கியா என்று முதலில் பாருங்கள்"

முதல் இரண்டு சொற்களிலேயே எந்தச் செடி, எந்த இடம் என்று தெரிந்துவிடுகிறது. அடுத்த பாதி, மற்றவர்கள் சொல்லாத ஒன்று உள்ளே இருக்கிறது என்று காட்டுகிறது. படிக்கிறவர் உடனே தன் செடியைப் போய்ப் பார்ப்பார், பார்த்துவிட்டு உங்கள் பதிவைத் திறப்பார்.

அரை ஏக்கர்:

எனக்கு ஒரு சந்தேகம். பாதிப் பதிலைத் தலைப்பிலேயே கொடுத்துவிட்டால் உள்ளே எதற்கு வரப்போகிறார்கள்? கொஞ்சம் மறைத்து வைத்தால்தானே ஆர்வம் வரும். "மிளகாய் இலை சுருள்வதற்குக் காரணம் இதுதான், பலருக்கும் தெரியாத ரகசியம்" என்று வைத்தால் கிளிக் வருமே. நல்ல விஷயத்துக்குத்தானே செய்கிறோம், தப்பில்லை என்று நினைக்கிறேன்.

கீரைப்பாத்தி:

வரும் அண்ணா, முதல் தடவை வரும். ஆனால் "இதுதான்" என்று தலைப்பில் ஒற்றைக் காரணம் சொல்லிவிட்டு உள்ளே மூன்று காரணம் இருந்தால் அந்தத் தலைப்பு பொய். இந்த விஷயத்தில் அது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை. வைரஸ் தாக்கிய செடியைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. "இலைச் சுருட்டலுக்கு ஒரே தீர்வு" என்று படித்துவிட்டு வாரக்கணக்கில் வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தால், அதற்குள் வெள்ளை ஈ பக்கத்துத் தொட்டித் தக்காளிக்கும் போய்விடும். தேடியவர்கள் "மருந்து" என்று கேட்கிறார்கள் என்பதற்காக நாமும் மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது, இருக்கிற இடத்தில் மட்டும் போட வேண்டும்.

மறைத்து வைக்கிற தலைப்புகளை ஃபேஸ்புக்கே 2016 ஆகஸ்டில் குறைத்துக் காட்டப்போவதாக அறிவித்தது. தகவலை வேண்டுமென்றே ஒளிப்பது, மிகைப்படுத்தி ஏமாற்றுவது, இரண்டையும் பார்ப்போம் என்றார்கள். கைபேசியில் தேடாமலே கட்டுரைகளைக் காட்டும் கூகுள் டிஸ்கவரின் விதிகளிலும் தலைப்பிலும் படத்திலும் மிகைப்படுத்தி ஆளை இழுக்கக் கூடாது என்று இருக்கிறது. அதை எல்லாம் விடுங்கள், தோட்டக்காரர்கள் ஒருமுறை ஏமாந்த பெயரை மறப்பதில்லை.

பாதிப் பதில் பற்றி: மேலா கீழா என்று பார்க்கச் சொல்வது பதில் இல்லை, சோதனை. பார்த்த பிறகு என்ன செய்வது என்பதற்கு அவர் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

நிலாமுற்றம்:

எல்லாரும் சேர்ந்து இவருடைய தலைப்புகளைக் கொன்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "செடியும் நானும்" எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பதிவை நான் படித்திருக்கிறேன், அம்மா இல்லாமல் போன பிறகு அவர் வைத்த துளசியைக் காப்பாற்றியது பற்றி எழுதியிருப்பார். அதற்கு "துளசி செடி வாடினால் செய்ய வேண்டியவை" என்று தலைப்பு வைத்தால் படிக்க வருபவருக்கும் ஏமாற்றம், எழுதியவருக்கும் அநியாயம். அதைத் தேடி யாரும் வர மாட்டார்கள், தெரிந்தவர்கள்தான் வருவார்கள், அவர்களுக்கு அந்தத் தலைப்பு போதும்.

கீரைப்பாத்தி:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். தலைப்பு வைப்பதற்கு முன்னால் இந்தப் பதிவுக்கு யார் வருவார், தேடி வருகிறவரா, நம்மைத் தெரிந்து வருகிறவரா என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆனால் "பச்சைக் கனவுகள் – பகுதி 9" இரண்டு பேருக்கும் உதவாது. புதிதாகப் பார்ப்பவருக்கு, முன்னால் எட்டுப் பகுதியைத் தவறவிட்டுவிட்டோம், இனி எதற்கு என்று தோன்றும். தெரிந்தவருக்கும் பகுதி 6-ல் என்ன இருந்தது, 7-ல் என்ன இருந்தது என்று நினைவிருக்காது. தொடர் பெயரை லேபிளாக வைத்துக்கொள்ளுங்கள், பதிவின் முதல் வரியில் சொல்லுங்கள், தலைப்பில் உள்ளே இருக்கும் விஷயம் வரட்டும்.

வெண்டிக்காய்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் வெண்டிக்காய், பப்பாசி என்றுதான் தேடுவோம், வெண்டைக்காய், பப்பாளி என்று இல்லை. தலைப்பில் இரண்டையும் திணிக்கச் சொல்லவில்லை, முதல் பத்தியில் ஒருதரம் எங்கட சொல்லையும் எழுதிவிட்டால் எங்களுக்கும் கிடைக்கும்.

தட்டச்சன்:

பிளாக்கர் என்பதால் சில விஷயங்கள். தமிழில் மட்டும் தலைப்பு வைத்து வெளியிட்டால் முகவரி blog-post என்பதோடு ஏதோ எண் சேர்ந்து வரும், அதில் இருந்து எதுவும் புரியாது. வெளியிடுவதற்கு முன்னால் வலது பக்க அமைப்புகளில் நிரந்தர இணைப்பைத் திறந்து milagai-ilai-suruttal என்ற மாதிரி நீங்களே ரோமன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பார்ப்பவருக்கும் பகிர்பவருக்கும் புரியும். வேர்ட்பிரஸில் வேறு மாதிரி: அங்கே தமிழே முகவரிக்குள் போகும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக மாறும், மொத்த இடம் 200 எழுத்துதான், அதனால் இருபத்து இரண்டு குறிகளுக்கு மேல் போனால் வெட்டிவிடும். புள்ளியும் கொம்பும் துணைக்காலும்கூடத் தனிக் குறிகளாகக் கணக்காகும் என்பதால் மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும்.

நீளம் பற்றி: ஐம்பது அறுபது எழுத்துக்குள் வையுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், அது ஆங்கிலத்துக்குப் போடும் கணக்கு. கூகுள் திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது, எழுத்தை எண்ணி இல்லை. ண, ஞ, ணை, னௌ எல்லாம் அகலமானவை, நமக்குக் குறைவாகத்தான் கொள்ளும். எனவே செடியின் பெயரும் பிரச்சினையும் முன்னால் வரட்டும். தமிழில் சொற்களை முன்பின் மாற்றிப் போடலாம் என்பதால் இது எளிது. "மாடித்தோட்டத்தில் வளரும் நமது மிளகாய்ச் செடிகளின்" என்று ஆரம்பித்தால் வெட்டுப்படுவது முக்கியமான பாதிதான்.

இன்னொன்று, 2021 ஆகஸ்டில் இருந்து கூகுள், பக்கத்தில் பெரிதாகத் தெரியும் தலைப்பையும் மற்ற எழுத்துகளையும் பார்த்து, சில நேரம் தானே வேறு தலைப்பு காட்டும். உங்கள் பதிவைத் தேடி, திரையில் உண்மையில் என்ன வருகிறது என்று கைபேசியில் ஒருமுறை பாருங்கள்.

மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றி. இப்படி யோசித்திருக்கிறேன், சரியா?

ஆடியில் ஒரு ஆரம்பம் → "ஆடிப்பட்டத்தில் மாடியில் என்ன விதைக்கலாம்? வெண்டை, கத்தரி, அவரை, பாகல்"
மண்ணைத் தொட்ட மனசு → "மாடித் தொட்டிக்கு எடை குறைந்த மண்கலவை: செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம்"
பச்சைக் கனவுகள் 9 → "கத்தரிக்காயில் புழுவா? என்ன செய்வது?"

"செடியும் நானும்" அப்படியே இருக்கட்டும். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாமா?

கீரைப்பாத்தி:

முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மண்கலவைத் தலைப்பு மிகவும் நல்லது, மாடி தாங்குமா என்ற பயம்தான் பலருக்கு முதல் கேள்வி, "எடை குறைந்த" என்ற சொல் அதைத் தொட்டுவிடுகிறது. ஆடிப்பட்டப் பதிவை ஆனி மாதத்திலேயே பார்த்துத் திருத்தி மேலே கொண்டுவாருங்கள், மக்கள் விதை வாங்குவதற்கு முன்னால்தான் தேடுவார்கள். தலைப்பில் ஆண்டு போடாதீர்கள், அடுத்த ஆடிக்குப் பழசாகத் தெரியும்.

மூன்றாவது இன்னும் பொதுவாக இருக்கிறது. உள்ளே என்ன புழு, காய்ப்புழுவா, தண்டையும் சேர்த்துத் துளைப்பதா?

மொட்டைமாடி:

தண்டும் காயும் துளைக்கும் புழு. நுனித்தண்டு வாடித் தொங்கும்போதே கிள்ளி எடுத்து அழித்துவிட்டால் காய்க்கு வருவது குறையும் என்பதுதான் பதிவே.

கீரைப்பாத்தி:

அப்படியானால் அதையே வையுங்கள்: "கத்தரியில் நுனித்தண்டு வாடுகிறதா? காயில் புழு வருவதற்கு முன்னால் கிள்ளிவிடுங்கள்". தண்டு வாடுவதற்கும் காய்ப்புழுவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று பலர் யோசித்திருக்க மாட்டார்கள், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அவர்கள் நிச்சயம் திறப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இம்ப்ரெஷன் நிறைய, கிளிக் குறைவு என்று இருப்பவற்றை முதலில் எடுங்கள். ஏற்கெனவே கிளிக் வருகிற பதிவைத் தொடாதீர்கள், தலைப்பு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

தட்டச்சன்:

பிளாக்கரில் வெளியிட்ட பிறகு தலைப்பை மாற்றினால் முகவரி மாறாது, அதனால் பழைய வாட்சப் இணைப்புகள் உடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முகவரியையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பதிவை வரைவாக்கி மாற்றி, மீண்டும் வெளியிட்டு, அமைப்புகளில் தனிப்பயன் திசைதிருப்பலில் பழையதிலிருந்து புதியதற்கு வழி கொடுத்துவிடுங்கள். மாற்றிய ஒவ்வொரு பதிவையும் சர்ச் கன்சோலில் முகவரி ஆய்வில் கொடுத்து, கூகுளின் அட்டவணையில் (இண்டெக்ஸ்) சேர்க்கக் கோரிக்கை வையுங்கள், இல்லாவிட்டால் பழைய தலைப்பே கொஞ்ச நாள் தெரிந்துகொண்டிருக்கும். அப்புறம் ஒப்பிடும்போது மொத்தக் கிளிக்கைப் பார்க்காதீர்கள், மிளகாய் நடும் பருவத்தில் அது தானாகவே ஏறும். அதே சொல்லுக்கு, ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கும்போது, நூறு பேருக்கு எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைப் பாருங்கள்.