பனிச்சறுக்கு பூட்ஸ்: அகலப் பாதத்துக்கு எந்த அளவு?

குடமுருட்டிக்கரை:
ஊர் திருவையாறு பக்கம். வயல் சேற்றில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்ததால் பாதத்தின் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். போன தை மாதம் காஷ்மீரில் குல்மார்க்கில் வாடகை பூட்ஸ் விரலை இடித்தது. ஒரு சைஸ் பெரிதாக மாற்றினேன். குதிகால் உரலில் உலக்கை மாதிரி ஆடி, இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. இந்த முறை சொந்தமாக வாங்கப் போகிறேன். எப்படிப் பார்ப்பது?

அரசலாறு:
தம்பி, நகம் கறுத்ததே பெரிய சைஸால்தான். கால் வழுக்கிப்போய் முன்னால் மோதியிருக்கும். செருப்பு நம்பரை மறந்துவிடுங்கள். இதில் மாண்டோ பாயிண்ட், அதாவது பாத நீளம் சென்டிமீட்டரில். கடையில் உள்ளுறையை உருவிவிட்டு, வெறும் வெளி பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பிறகு உறையோடு போட்டு பக்கிளை மாட்டுங்கள். நேராக நின்றால் விரல் லேசாகத் தொடும், முழங்காலை மடக்கினால் விலகும். அகலத்துக்கு 102 மில்லிமீட்டர் லாஸ்ட், அதாவது பூட்ஸின் முன்பக்க உள் அகலம், கேளுங்கள். அப்படியும் பிடித்தால் ஓட்டைச் சூடாக்கி அந்த இடத்தை மட்டும் தள்ளித் தருவார்கள்.

வெண்ணாறு:
சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லிசாக. மலை ஏறவும் டூரிங் பூட்ஸ் என்றால் கடையிலேயே நடை லீவரை, அதாவது நடக்கக் கணுக்காலை மடங்க விடும் பிடியை, திறந்து படி ஏறிப் பாருங்கள். குதிகால் தூக்கினால் கொப்புளம் நிச்சயம்.

குடமுருட்டிக்கரை:
சரி அண்ணே, அளந்தேன். இடது 26.1, வலது 26.6. போன முறை இரண்டு சாக்ஸ் போட்டதை வீட்டில் சொல்லவில்லை.