வத்ராப் குடும்பம் குழு: பாப்பாவின் மூன்று நிமிடப் பேச்சு

மீனா: நாளை மறுநாள் டிசம்பர் 4, பாப்பாவுக்குப் பள்ளியில் பேச்சு. ‘நம் ஊர் விஞ்ஞானி’. மூன்றே நிமிடம். யாராவது நாலு வரி அனுப்புங்களேன்.

குமார் அண்ணன்: அப்துல் கலாம்

மதுரை அத்தை: அவர் ராமேஸ்வரம்டா

பெரியப்பா: நம் ஊர் என்றால் இயற்பியல் விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன்தான். 1898 டிசம்பர் 4, இதே வத்ராப்பில், அதாவது வத்திராயிருப்பில் பிறந்தவர். தேதி பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். விவரமாக எழுதுகிறேன். யாரும் நடுவில் பேச வேண்டாம்.

மதுரை அத்தை: காதுகுத்துத் தேதியை முதலில் சொல்லுங்கள். மண்டபக்காரர் கேட்கிறார்.

பெரியப்பா: மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அப்புறம் கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் ஒளியைத் திரவத்தில் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருவதைக் கண்டார்கள். திரவம் திரவமாக வைத்துச் சோதித்தவர் கிருஷ்ணன். ‘நேச்சர்’ இதழில் வந்த குறிப்பில் இரண்டு பேர் பெயரும் உண்டு. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். இரண்டு பேர் தோண்டி ஒருவர் பெயரில் பதிவானால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டில்லி சித்தி: பெரியத்தான், இது கிணறா?

மதுரை அத்தை: ஆரம்பித்தாயிற்றா

பெரியப்பா: கிணறு என்று நான் சொல்லவே இல்லை.

குமார் அண்ணன்: ‘தோண்டி’ என்றீர்களே 😀

டில்லி சித்தி: பத்திரம் எழுதிய அன்று நீங்களும் கூடத்தானே இருந்தீர்கள்?

மீனா: பேச்சு... மூன்று நிமிடம்...

பெரியப்பா: தொடர்கிறேன். டாக்கா, மறுபடி கல்கத்தா, 1942-இல் அலகாபாத். படிகங்களின் காந்த குணத்தை அளந்து பேர் வாங்கிய மனிதரை 1947-இல் டில்லிக்கு அழைத்து, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆக்கினார்கள். ஆய்வகம் எங்கே? அந்த ஜனவரியில் நேரு வைத்த அடிக்கல் இருந்தது. 1950 ஜனவரி 21-இல்தான் படேல் திறந்து வைத்தார். கோப்பு, கட்டடம், ஆள் எடுப்பது என்று தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவிலும், சூடேறிய கம்பியில் வெப்பம் எந்த இடத்தில் எவ்வளவு நிற்கும் என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய சாதனை. நோபல் போனதே என்று மூலையில் உட்காரவில்லை.

டில்லி சித்தி: பூசா பக்கம் அவர் பேரில் ரோடே இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் ஆபீஸ் போனேன். நம் ஊர்க்காரர் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

பெரியப்பா: நாட்டுக்கே மீட்டரும் கிலோவும் இவ்வளவுதான் என்று சொல்லும் இடம் அந்த ஆய்வகம்.

மதுரை அத்தை: பழைய வீசை எடையை ஒழித்தது அவர்களா? அம்மா கடைசி வரை புளியை வீசைக் கணக்கில்தான் வாங்கினாள்.

பெரியப்பா: அது சட்டம், 1956. ஆய்வகம் அளவைப் பாதுகாக்கும், அவ்வளவுதான்.

குமார் அண்ணன்: ஓட்டு மை கூட அங்கேதானே கண்டுபிடித்தது?

பெரியப்பா: ஆமாம். 1962 தேர்தலில் வந்தது. கிருஷ்ணன் 1961 ஜூனிலேயே காலமாகிவிட்டார்.

மதுரை அத்தை: போன தடவை குமார் விரலில் மையே இல்லை. நான் பார்த்தேன்.

குமார் அண்ணன்: கழுவினேன் அத்தை

மதுரை அத்தை: கழுவினால் போகிற மையா அது?

மீனா: பாப்பா பேசிப் பார்த்தாள். நோபல் வரும்போதே மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. டில்லிக்கே போகவில்லை.

பெரியப்பா: அப்படியானால் நோபலை எடுத்துவிடு.

டில்லி சித்தி: அதைத்தான் நானும் 20 வருடமாகச் சொல்கிறேன், பெரியத்தான்.

மீனா: கோட் யாரிடம் இருக்கிறது? எட்டு வயது அளவு.

குமார் அண்ணன்: பார்க்கிறேன்

மதுரை அத்தை: மண்டபக்காரர் மறுபடி போன் செய்கிறார். 23-ஆ, 24-ஆ?

குமார் அண்ணன்: 👍

மதுரை அத்தை: எதற்குடா இந்தக் கட்டைவிரல்?