சித்தி நினைவாகப் பஞ்சு மார்பகம் தைக்க யோசனை வேண்டும்

வணக்கம். என் சித்தி மன்னார்குடியில் தையல் வேலை பார்த்தவர். மார்பகப் புற்றுநோயால் ஒரு பக்கம் எடுத்த பிறகு, ஜாக்கெட்டுக்குள் வைக்கிற சிலிகான் செயற்கை மார்பகத்தின் விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு ஒரு மெஷினே வாங்கலாம்டி" என்று சிரித்தார். அப்புறம் பழைய மல் வேட்டியில் பை தைத்து, பஞ்சு அடைத்து, எடைக்குக் கொஞ்சம் கடுகு போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். எடை இல்லாவிட்டால் மேலே ஏறிவிடும். போன தை மாதம் போய்விட்டார்.

அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அதற்குள் இதேபோல் தைத்து, தேவைப்படுகிற பெண்களுக்குச் சும்மா கொடுக்க ஆசை. கடுகு ஈரத்தில் பூசணம் பிடிக்கிறது (சித்தி அடிக்கடி மாற்றுவார், எல்லோராலும் முடியுமா?). துவைக்கிற மாதிரி எடைக்கு வேறென்ன போடலாம்? தழும்பில் உறுத்தாத துணி எது? பருத்தி நூலில் குரோஷா பின்னுகிறவர்கள் யாராவது சேர்ந்துகொள்வீர்களா? மருத்துவமனைகளில் யாரிடம் பேசிக் கொடுப்பது என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.