பங்குனியில் மொட்டையாக நிற்கும் வேலிச்செடி எது? வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி:
தாராபுரத்துக்குத் தெற்கே எங்கள் தாத்தாவின் கொறங்காடு (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்) நான்கு ஏக்கர் உள்ளது. அதைச் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்கு முள்வேலி நிற்கிறது. பங்குனி பிறந்ததிலிருந்து அதில் ஓர் இலைகூட இல்லாததால், பட்டுப்போய்விட்டதென்று சொல்லி, பொக்லைன் வைத்துப் பறித்துவிட்டுக் கம்பிவேலி போடும்படி பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார். தண்டு பச்சை கலந்த பழுப்பாக இருக்கிறது. மேல்தோல் காகிதம்போல உரிகிறது. சிறு கிளைகளின் நுனியே முள்ளாக முடிகிறது. இது என்ன செடி? உயிரோடுதான் இருக்கிறதா?

மறுமொழி 1:
தயவுசெய்து பறித்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் முள்கிளுவைக்கு உரியவை. கோடையில் இலையை முழுவதும் உதிர்த்து நிற்பது அதன் இயல்பு. கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்து, முகர்ந்தால் குங்கிலியத்தைப் போன்ற மணம் வந்தால் ஐயமே வேண்டாம். மழைக்குப் பின் துளிர்க்கும்போது ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும், அவற்றின் ஓரம் பல்பல்லாக இருக்கும். முள் இல்லாமல், இலை சற்றுப் பெரிதாக வளரும் இன்னொரு கிளுவையும் நம் பக்கம் உண்டு. ஆனால் ஆட்டையும் மாட்டையும் தடுத்து நிறுத்த முள்கிளுவைக்கு ஈடில்லை.

கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. காங்கேயம் மாடுகள் ஆள் காவல் இல்லாமல் மேய்ந்து வளர்ந்தது இந்த வேலிக்குள்தான். கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறிப் படர்வதற்கும், குருவி கூடு கட்டுவதற்கும் கம்பிவேலியில் இடமேது?

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. இன்று காலை ஏழெட்டு இடங்களில் சுரண்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சையாகவே இருந்தது, மணம் கையிலேயே ஒட்டிக்கொண்டது. வடபுறம் மட்டும் முப்பதடி நீளத்துக்குச் செடியே இல்லை. அங்கே நாற்று வாங்கி வைக்க வேண்டுமா?

மறுமொழி 2:
நாற்று எதற்குத் தம்பி, உங்கள் வேலியிலேயே போத்து (நடுவதற்கு வெட்டும் கிளை) இருக்கிறது. மணிக்கட்டுப் பருமனுள்ள நேரான கிளைகளை மூன்று, நான்கு அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். அடிப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்பதை வெட்டும்போதே அடையாளம் செய்துகொள்ளுங்கள், தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. கடப்பாரையால் ஓரடி ஆழத்துக்குக் குழி போட்டு, அரை அடிக்கு ஒன்றாக நட்டு, அடிமண்ணை நன்றாக மிதித்துவிட வேண்டும். இந்த வெயிலில் நடாதீர்கள். உங்கள் பக்கம் ஐப்பசி மழையை நம்பியுள்ள நிலம், முதல் நல்ல மழை விழுந்ததும் தொடங்குங்கள். அதுவரை அந்த இடைவெளியை வேல முள்ளால் அடைத்து வையுங்கள்.

நான் முதல் ஆண்டில் செய்த தவறு, துளிர்த்ததும் ஆடுகளை அந்தப் பக்கம் விட்டதுதான். கிளுவைத் தழை வெள்ளாட்டுக்கு அவ்வளவு பிடிக்கும். நட்டதில் பாதியை ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டன, அவை மீண்டும் தழைக்கவே இல்லை. இரண்டு மழைக்காலம் கழியும்வரை ஆடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஆண்டுக்கொரு முறை இடுப்பு உயரத்தில் கவாத்துச் செய்தால் அடியிலிருந்து நெருக்கமாகக் கிளைக்கும், வெட்டிய தழையும் ஆட்டுக்கு ஆகும்.

கேட்டவர்:
பொக்லைன்காரரிடம் வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஐப்பசியில் நட்டுவிட்டு, எத்தனை போத்து துளிர்த்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.