ராஜாவின் பாதுகாப்பை என்ஜின் எப்படி எண்ணாக மாற்றுகிறது?

காலாட்படை:
சொந்தமாக ஒரு சதுரங்க என்ஜின் (சதுரங்கம் ஆடும் நிரல்) எழுதி வருகிறேன். காய்களின் மதிப்பு, சிப்பாய் அமைப்பு ஆகிய பகுதிகள் ஓரளவு சரியாகவே இயங்குகின்றன. ராஜாவின் பாதுகாப்புக்கு இரண்டே அளவுகோல்களை வைத்திருக்கிறேன்: ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய்கள் நகராமல் இருந்தால் கூடுதல் புள்ளி, எதிராளியின் ஒவ்வொரு காயும் ராஜாவை நெருங்க நெருங்கக் கழிவு. ஆனால் எதிராளியின் குதிரை தன்னந்தனியாக வந்து நின்றாலே என்ஜின் பதறிப்போய் எச் சிப்பாயைத் தள்ளுகிறது. ராணி, பிஷப், குதிரை மூன்றும் சேர்ந்து வளைக்கும்போதோ, பலகையின் மறுகோடியில் கிடக்கும் சிப்பாயை வெட்டப் போய்விடுகிறது. கழிவைக் கூட்டினால் முதல் சிக்கல் பெரிதாகிறது, குறைத்தால் இரண்டாவது பெரிதாகிறது. எங்கே கோளாறு?

எச்7_பலி:
தூரத்தை அளப்பதிலும், அளந்ததை அப்படியே கூட்டுவதிலும்தான் கோளாறு. ராஜா மீதான தாக்குதல் காய்க்குக் காய் சமமாக வளர்வதில்லை. ஒரு காய் மட்டும் இருந்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது, மூன்று காய்கள் கூடினால் ஆட்டமே முடிந்துவிடலாம்.

தூரத்தை விட்டுவிட்டு, ராஜா நிற்கும் கட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டங்களையும் ஒரு மண்டலமாக வைத்துக்கொள்ளுங்கள் (எதிராளியின் பக்கமாக இன்னும் ஒரு வரிசையைச் சேர்ப்போரும் உண்டு, கீழே உள்ள கணக்கில் நானும் சேர்த்திருக்கிறேன்). எதிராளியின் காய் அந்த மண்டலத்தில் தாக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் குதிரை, பிஷப் என்றால் 2, யானை என்றால் 3, ராணி என்றால் 5 என்று எண்ணுவது பரவலான வழக்கம். வெள்ளை ராஜா ஜி1-இல், சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2-இல் இருப்பதாகக் கொள்வோம். கறுப்புக் குதிரை ஜி4-இல் நின்றால் எஃப்2, எச்2 ஆகிய இரண்டைத் தாக்குகிறது: 4. இடையில் தடையில்லாவிட்டால் டி6-இல் உள்ள பிஷப் ஜி3, எச்2 ஆகியவற்றைத் தாக்குகிறது: 4. எச்4-இல் உள்ள ராணி எச்3, எச்2, ஜி3, எஃப்2 என நான்கைத் தாக்குகிறது: 20. மொத்தம் 28.

இந்த 28-ஐ நேரடியாகக் கழிக்காமல் வர்க்கப்படுத்தி, உதாரணத்துக்கு 8-ஆல் வகுத்தால் 98 சென்டிபான் (சிப்பாய் மதிப்பில் நூறில் ஒரு பங்கு), அதாவது ஏறத்தாழ ஒரு சிப்பாய். ராணியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 8. அதே கணக்கில் கழிவும் வெறும் 8 சென்டிபான். குதிரை மட்டும் இருந்தால் 2. உங்கள் இரண்டு சிக்கல்களும் இந்த ஒரே வளைவில் தீர்வதைக் கவனியுங்கள். பிரபல சதுரங்க என்ஜினான ஸ்டாக்ஃபிஷ்ஷின் பழைய மதிப்பீட்டிலும் ஆபத்து எண்ணை வர்க்கப்படுத்தி 4096-ஆல் வகுத்ததே மத்திய ஆட்டக் கழிவாக இருந்தது. இறுதி ஆட்டத்துக்கு அதே எண்ணை வர்க்கப்படுத்தாமல் 16-ஆல் மட்டும் வகுத்தார்கள்.

நிரல்மந்திரி:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மண்டலத் தாக்குதலை மட்டும் நம்பினால் என்ஜின் வெற்று மிரட்டலுக்கும் அஞ்சும். என் அனுபவத்தில் அதைவிடப் பயன் தந்தது பாதுகாப்பான செக்குகளை எண்ணுவது: எதிராளியின் காய் எந்தக் கட்டத்துக்கு வந்து செக் வைத்தால் நம்மால் அதை வெட்ட முடியாதோ, அந்தக் கட்டங்களுக்குத் தனி எடை கொடுங்கள். எதிராளியிடம் ராணி இல்லையென்றால் ஆபத்து எண்ணிலிருந்து ஒரு பெரிய தொகையைக் கழித்துவிடுங்கள்.

இதையெல்லாம் தேடலே (வரப்போகும் நகர்வுகளை என்ஜின் முன்கூட்டியே அலசுவது) கண்டுபிடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. தேடலின் முனையில், நிலை அமைதியாகும் வரை தொடரும் ‘அமைதித் தேடல்’ பெரும்பாலும் வெட்டுகளை மட்டுமே பார்க்கிறது. அடுத்த நகர்த்தலில் மேட் என்று மிரட்டும் சந்தடியில்லாத ஒரு ராணி நகர்வு அதன் கண்ணில் படாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த எண்கள்.

காலாட்படை:
இருவருக்கும் நன்றி. இவ்வளவையும் எழுதுவதற்குப் பதிலாக நேரடியாக நரம்பியல் வலையமைப்புக்கே போய்விடலாமா?

எச்7_பலி:
வலிமை மட்டுமே குறிக்கோள் என்றால் போய்விடலாம். 2018-இல் யூ நாசு ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக உருவாக்கிய, நரம்பியல் வலையமைப்பால் நிலையை மதிப்பிடும் என்என்யூஇ முறையை 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் 12 ஏற்றுக்கொண்டது. 2023-இல் கையால் எழுதிய மதிப்பீட்டையே அந்த நிரலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஸ்டாக்ஃபிஷ் முதலில் பயன்படுத்திய வடிவில் ஒவ்வோர் உள்ளீடும் ‘நம் ராஜா இந்தக் கட்டத்தில் இருக்கையில், இந்தக் காய் அந்தக் கட்டத்தில் இருக்கிறது’ என்பதையே குறிக்கும். ராஜாக்களைத் தவிர்த்த 10 வகைக் காய்களுக்கு 64×64×10, அதாவது 40,960 உள்ளீடுகள். ராஜாவின் பாதுகாப்பு என்று தனிப் பகுதி எதுவும் அதில் கிடையாது, எல்லாக் காய்களும் ராஜாவைப் பொறுத்தே எடைபோடப்படுகின்றன. ஆனால் என்ஜின் ஏன் அந்த நகர்வைத் தேர்ந்தது என்று அறிய விரும்பினால், கையால் எழுதியதில் ஒவ்வொரு கழிவையும் தனித்தனியாக அச்சிட்டுப் பார்க்கலாம். வலையமைப்பில் அது கடினம்.

நிரல்மந்திரி:
கையால் எழுதுவதென்றே முடிவெடுத்தால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். சிப்பாய்க் கேடயத்தின் (ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாய்களின்) மதிப்பைச் சிப்பாய் ஹாஷ் அட்டவணையில் (ஒருமுறை கணக்கிட்ட சிப்பாய் அமைப்பின் மதிப்பை மறுபடி எடுக்கச் சேமிக்கும் அட்டவணை) சேமிக்கப் போகிறீர்கள் என்றால், அதில் தேடப் பயன்படும் சாவியில் ராஜாக்களின் கட்டங்களையும் சேருங்கள். இல்லாவிட்டால் ராஜா காஸ்லிங் செய்து இடம் மாறிய பிறகும் பழைய கட்டத்துக்கான மதிப்பே திரும்பி வரும்.