1974-இல் கட்டிய வீடு: சிங்க் தண்ணீர் வடிய மறுக்கிறது, குளியலறைத் தரையில் கொப்பளிக்கிறது

பின்கட்டு:
வணக்கம். சென்னையில் தனி வீடு, 1974-இல் கட்டியது. சமையலறை சிங்க் பைப்பும் (சுவருக்குள் போகும் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு) குளியலறை நஹானி ட்ராப்பும் (தரையில் தண்ணீர் வடியும் இடத்தில், நாற்றம் ஏறாமல் கொஞ்சம் தண்ணீர் தேக்கி வைக்கும் கிண்ணம்) தரைக்கடியில் ஒரே ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப்பில் சேர்கின்றன. அது கொல்லைப்பக்கக் கல்லி ட்ராப்பில் (ஜாலி போட்ட சிறு கழிவுநீர்த் தொட்டி) விழுந்து, சந்தில் மூன்று சேம்பர் (குழாயைத் திறந்து பார்க்க மூடி போட்ட தொட்டி) தாண்டித் தெருவுக்குப் போகிறது. சிங்க் இப்போது மிக மெதுவாக வடிகிறது. அதைக் காலி செய்தால் நஹானி ட்ராப்பில் 'கொளக் கொளக்' சத்தம், சில சமயம் அழுக்குத் தண்ணீரும் மேலே வருகிறது. கடையில் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா? தரையை உடைக்க வேண்டுமா?

மட்டப்பலகை:
ஆசிட்டை ஓரமாக வையுங்கள். அடைப்பு எங்கே என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது.

முதலில் கல்லி ட்ராப்பின் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். கொல்லைத் தரை குளியலறைத் தரையைவிடத் தாழ்வு. அடைப்பு கல்லிக்கு அப்பால் இருந்தால் தண்ணீர் முதலில் கொல்லையில்தான் வழியும், குளியலறைக்குள் ஏறி வராது. சிங்கில் ஒரு பக்கெட் தண்ணீரை ஒரேயடியாக விட்டு, கல்லியில் எப்படி வந்து விழுகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லி நிறையாமல், தண்ணீர் நூல் மாதிரி விழுந்தால் அடைப்பு தரைக்கடியில், இரண்டு பைப்பும் சேரும் இடத்துக்கும் கல்லிக்கும் நடுவில்.

கல்லி நிறைந்து நின்றால் சேம்பர்களைத் திறக்க வேண்டும். நிறைந்த சேம்பருக்கும் அடுத்த காலி சேம்பருக்கும் இடையில் அடைப்பு. மூன்றுமே நிறைந்திருந்தால் பெரும்பாலும் தெருக் குழாய்; மெட்ரோ வாட்டரில் (சென்னைக் குடிநீர், கழிவுநீர் வாரியம்) புகார் கொடுத்து, தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட் வண்டியை வரவழையுங்கள். மூடியைத் திறந்ததும் குனிய வேண்டாம். சிறிது நேரம் காற்றோட்டமாக விடுங்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். சேம்பருக்குள் யாரையும் இறக்காதீர்கள்.

ஈயப்பற்று:
ஆசிட் பற்றிக் கேட்டதற்கு. ஸ்டோன்வேர் களிமண் பைப். அதை ஆசிட் ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டடிக்கு ஒரு ஜாயின்ட், அத்தனையும் சிமென்ட். ஆசிட் அந்தச் சிமென்டைத்தான் தின்னும். ஜாயின்ட் விட்டால் தண்ணீர் மண்ணில் இறங்கி, பைப் அமுங்கி, வேரும் உள்ளே வரும். மொசைக் தரையும் ஜிஐ பைப்பும் கூடவே கெடும். ஏற்கெனவே ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

காஸ்டிக் சோடாவும் இதே கதைதான். தேங்கிய தண்ணீரில் போட்டால் கொழுப்போடு சேர்ந்து சோப்பாகி, சில சமயம் உள்ளேயே கட்டியாகிவிடும். அதன்மேல் யாராவது ஆசிட் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அடைப்பு எடுக்க வருபவரிடம் முன்னாடி என்ன ஊற்றினீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பின்கட்டு:
பார்த்தேன். கல்லி நிறையவில்லை, தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது. முதல் சேம்பரும் காலி.

மட்டப்பலகை:
அப்படியானால் தரையை உடைக்காமல் கல்லிப் பக்கமிருந்தே எடுக்கலாம். எதிர்த்திசையில், அதாவது கல்லியிலிருந்து வீட்டை நோக்கிக் குத்துங்கள். சிங்க் பக்கத்திலிருந்து தள்ளினால் எல்லாம் அடைப்பின் மேலேயே போய் இறுகும். 10 மி.மீ. ஸ்பிரிங் கம்பி வாங்கினால் போதும். மூங்கில் பிளாச்சும் ஆகும், ஆனால் வளைவில் முறியும். முறிந்த துண்டே புது அடைப்பு. கம்பியை வலப்பக்கமாக மட்டும் சுற்றித் தள்ளுங்கள். இடப்பக்கம் சுற்றினால் முனை கழன்று உள்ளே தங்கிவிடும். தட்டும் இடத்தில் முட்டித் தள்ளாமல், ஓர் அடி பின்வாங்கிச் சுற்றிக்கொண்டே மீண்டும் போங்கள்.

கல்லியின் வெளிவாயில் ஒரு சாக்கைத் திணித்து வையுங்கள், கழிவு சேம்பருக்குப் போகாமல் கையால் அள்ளலாம். கையுறை கட்டாயம். முடித்ததும் சாக்கை எடுக்க மறக்காதீர்கள், மறப்பவர்கள் நிறைய.

நஹானி ட்ராப்பின் கிண்ணத்தையும் கழற்றிக் கழுவுங்கள். முடியும் சீயக்காய்த் தூளும் அதில்தான் அப்பும். அடைக்கிறது என்று கிண்ணத்தையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அப்புறம் 50 மி.மீ. தண்ணீர்த் தடுப்பு இல்லாமல் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வரும்.

பின்கட்டு:
சாம்பல் நிறத்தில் கல் மாதிரி கட்டிகள் வந்தன. ஓட்டம் பரவாயில்லை, ஆனால் முழு வேகம் இல்லை. கம்பி ஓரிடத்தில் தொய்ந்து ஏறுவது போல இருக்கிறது.

நீர்மட்டம்:
அந்தக் கட்டி வெறும் எண்ணெய்ப் பசை இல்லை. பாத்திரம் தேய்க்கும் பவுடரில் பெரும்பகுதி கல்தூள். அது பைப்பின் அடியில் படிந்து, எண்ணெய், கஞ்சித் தண்ணீர், மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து சாந்து போல இறுகும். தொய்வு இருக்கிறது என்றால் பைப் நடுவில் அமுங்கியிருக்கிறது. அங்கே எப்போதும் தண்ணீர் நிற்கும், எவ்வளவு சுத்தம் செய்தாலும் மறுபடி படியும்.

என் யோசனை: தரைக்கடிப் பைப்பை விட்டுவிடுங்கள். சிங்க் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால், சுவரைத் துளைத்து 40 மி.மீ. வேஸ்ட் பைப்பை வெளியே எடுத்து, 75 மி.மீ. பிவிசி எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீருக்கான) பைப்பில் இணைத்து நேராகக் கல்லிக்கு விடுங்கள். வாட்டம் 40-க்கு 1. ஆறு மீட்டர் ஓட்டத்துக்கு 15 செ.மீ. இறக்கம். ஒரு மீட்டருக்கு ஒரு கிளாம்ப். திரும்பும் இடத்தில் சாதா பெண்ட் வேண்டாம், கதவு வைத்த டோர் பெண்ட் போடுங்கள். அடுத்த முறை நான்கு திருகைக் கழற்றினால் போதும். பிவிசியில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள், 60 டிகிரிக்கு மேல் இளகித் தொய்யும். கஞ்சி வடித்தால் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஊற்றுங்கள்.

பழைய ஜிஐ வாயை மூடி போட்டு அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலியும் நாற்றமும் அதன் வழியாக வரும். குளியலறைத் தண்ணீர் மட்டும் பழைய பைப்பில் போகட்டும். எண்ணெயும் கல்தூளும் போகாதபோது அந்தத் தொய்வு பெரிய தொல்லை தராது.

ஈயப்பற்று:
ஒன்று சேர்க்கிறேன்: புதுப் பைப்பின் வாய் கல்லியின் ஜாலிக்குக் கீழே, உள்ளே நிற்கும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீருக்குள் முங்கினால் சிங்க் மறுபடி மெதுவாகத்தான் வடியும்.