பாதியில் நின்ற முக்கோணச் சால்வை: புதுப்பிப்பு

முனையில் மூன்று கண்ணிகளுடன் (ஊசியில் ஏறும் நூல் வளையங்கள்) தொடங்கி விரிந்துகொண்டே போகும் கார்ட்டர் பின்னல் (எல்லா வரிசைகளையும் ஒரே மாதிரிப் பின்னும் எளிய பின்னல்) சால்வையை முடிக்க மனம் வரவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். வரிசைகளை எண்ணி அன்றாட இலக்கு வைத்துக்கொள்ளுமாறு பலர் சொன்னீர்கள்.

அந்த யோசனை நேரான மப்ளருக்குப் பொருந்தும். வரிசைதோறும் கண்ணிகள் கூடிக்கொண்டே போகும் சால்வைக்குப் பொருந்தாது. இதில் 100 வரிசைகளில் 70-ஐ முடித்தாலும் மொத்தக் கண்ணிகளில் ஏறத்தாழப் பாதிதான் ஆகியிருக்கும் என்பதால், கடைசி 30 வரிசைகள் நகர மறுப்பதற்கு நம் சோம்பலைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆகவே எண்ணுவதை விட்டுவிட்டு எடைக்கு மாறினேன். ஒவ்வோர் இரவும் மீதி நூற்கண்டைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து, அந்த எடையை நூற்கண்டோடு வந்த காகிதப் பட்டையின் பின்புறத்தில் குறித்துக்கொள்கிறேன். 64 கிராம், 58 கிராம், 51 கிராம் என்று அது இறங்கும்போது வேலை உண்மையாகவே நகர்வது தெரிகிறது. ஒரு வரிசைக்கு எவ்வளவு நூல் போகிறது என்பதும் இதில் தெரிந்துவிடுவதால், வழக்கமான வரிசையைவிடக் கூடுதலாக நூல் கேட்கும் இறுதி விளிம்புக்குப் போதுமான அளவை ஒதுக்கி வைக்க முடிகிறது.

20 கண்ணிகளுக்கு ஓர் அடையாள வளையம் மாட்டச் சொன்ன அக்காவுக்கு நன்றி. நீண்ட வரிசையின் நடுவே கையை எடுப்பதற்கு அது நல்ல இடம் தருகிறது, சீரியல் பார்த்துக்கொண்டு பின்னும்போது கூட.

இப்போது விளிம்பு மூடும் கட்டத்தில் இருக்கிறேன். நுனிநூல்களைச் செருகி, நனைத்து விரித்துக் காயவைப்பது மட்டுமே பாக்கி.